முருகம்மாள் அளந்த ஓடை

முருகம்மாளின் நிலம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. கரட்டுப்பட்டியில் வேறு யாருக்கும் அது கண்ணில் படவில்லை. ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கரிசலில் ஓரமாக ஒரு முழம் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? முருகம்மாளுக்குத் தெரிந்தது. 2003 ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் காலை புஞ்சைக்குப் போனவள், ஓடையை ஒட்டிப் போட்டிருந்த பருத்தியில் ஒரு வரிசையைக் காணாமல் அப்படியே நின்றுவிட்டாள். செடியை யாரும் பிடுங்கவில்லை. செடி நின்ற மண்ணே இல்லை. கரை புட்டு உதிர்ந்த மாதிரி உதிர்ந்து ஓடைக்குள் கிடந்தது.

வீட்டுக்கு வந்து மகள் வேல்விழியிடம் சொன்னாள்.

"மழை பேஞ்சா கரை இடியத்தானம்மா செய்யும்" என்றாள் வேல்விழி, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலையைப் பின்னிக்கொண்டே.

"அப்ப எதிர்க்கரை ஏன் இடியல?"

வேல்விழி பின்னலை முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். எதிர்க்கரையில் இருந்தது சண்முகவேல் அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனி. வேல்விழி அங்கேதான் வேலை பார்த்தாள்.

முருகம்மாளின் அப்பா, அம்மா, அவர்களுக்கு மூத்தவர்கள் எல்லாருமே அடுத்தவர் புஞ்சையில் களை எடுத்துப் பிழைத்தவர்கள். அவளே பத்து வயதில் தீப்பெட்டிக் கம்பெனி பஸ்ஸில் ஏறியவள். இருட்டோடு போய் இருட்டோடு திரும்பி, கட்டையில் குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனி காய்த்துப் போனவள். அவள் புருஷன் சீனிச்சாமி கல்குவாரியில் தமர் போட்டு, அதாவது வரிசையாகத் துளை போட்டு, பாறை உடைத்தவன். இரண்டு பேருமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஊருக்குக் கிழக்கே ஓடையின் தென்கரையில் அந்த ஒன்றரை ஏக்கரை வாங்கினார்கள். பத்திரம் கைக்கு வந்த அன்றைக்கு முருகம்மாள் புஞ்சையின் நாலு மூலையிலும் போய் நின்று பார்த்தாள். அவள் வம்சத்தில் சொந்த மண்ணில் கால் வைத்த முதல் ஆள் அவள்தான்.

2001-ல் மஞ்சக்காமாலை வந்து சீனிச்சாமி பத்தே நாளில் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு அவள் தீப்பெட்டி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் புஞ்சையிலேயே கிடந்தாள். உளுந்து, கொத்தமல்லி, பருத்தி என்று மாற்றி மாற்றிப் போட்டாள். ஆகவே ஒரு வரிசைப் பருத்தி போனது அவளுக்கு வெறும் பருத்தி போனதாகப் படவில்லை. யாரோ ஒருவர் தன் சேலை முந்தியைப் பிடித்து மெதுவாக இழுக்கிறது போல இருந்தது.

புஞ்சை நடுவில் ஓர் உடைமரம் நின்றது. அதன் தூரில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை ஓடைக்கரை விளிம்புவரை கொண்டுபோய் ஒரு முடிச்சுப் போட்டாள். ஒவ்வொரு மழைக்கும் பிறகு போய் அளந்தாள். கயிறு மிஞ்சியது. மிஞ்சிய இடத்தில் புது முடிச்சுப் போட்டாள். அடுத்த சித்திரைக்குள் கயிற்றில் நாலு முடிச்சு விழுந்திருந்தது. முதல் முடிச்சுக்கும் நாலாவது முடிச்சுக்கும் நடுவில் ஓர் ஆள் படுத்துக்கொள்ளலாம். ஊரில் அவளுக்கு 'அளவுக்காரி' என்று பேர் விழுந்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கம்பெனிக்காரனை உடனே சந்தேகப்படவும் அவள் தயாராக இல்லை. சந்தேகப்படுவதிலும் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் மேற்கே இருப்பவர்களைச் சந்தேகப்பட்டாள். மேலே யாராவது அணை கட்டியோ மண் அள்ளியோ தண்ணீரைத் திருப்பியிருந்தால்? சித்திரையில் ஓடை காய்ந்து கிடந்தபோது, தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றி எடுத்துக்கொண்டு, ஓடைக்குள்ளேயே இறங்கி மேற்கே நடந்தாள்.

ஊருக்கு மேற்கே மூன்று மைலில் நரிப்பாறைக் கரடு. அதன் கிழக்குச் சரிவில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையும் இடுக்கில் ஓடை தொடங்குகிறது. அங்கே அதைப் பார்த்தால் ஓடை என்றே சொல்ல மாட்டார்கள்; மழைத் தண்ணீர் போன தடம், அவ்வளவுதான். கரட்டை விட்டு இறங்கியதும் செவல் மண்ணில் கொஞ்சத் தூரம் நேராக வரும். அங்கே தரை கெட்டி; கரை இரண்டும் வெட்டி வைத்தது போல நிற்கும். பிறகு தெற்கேயிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வந்து சேரும். அதைத் தாண்டினால் கரிசல். கரிசலில் இறங்கினதும் ஓடைக்குப் புத்தி மாறிவிடும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிற மண், முதல் மழையிலேயே இளகிக் கொடுக்கும். ஓடை இஷ்டத்துக்கு வளையும், ஒரு கரையைத் தின்னும், எதிர்க்கரையில் வண்டலைத் துப்பும். வெம்பக்கோட்டை ரோட்டில் இரண்டு குழாய் வைத்த ஒரு பாலம். பாலத்துக்குக் கீழ்ப்புறம் வடகரையில் கம்பெனி வேலி. வேலியை ஒட்டி வந்து, முருகம்மாளின் புஞ்சை மூலையில் ஒரு பெரிய வளைவு போட்டு, வடக்கே திரும்பி, ஊர்க் கண்மாய்க்குப் போகும். கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து வைப்பாற்றில் போய் விழும்.

கரடுவரை போய்த் திரும்பினாள். அணையும் இல்லை, மண் அள்ளிய குழியும் இல்லை. பாலத்துக் குழாயில் ஒன்று பாதி அடைத்திருந்தது. அது கொஞ்ச நேரம் அவள் சந்தேகத்துக்கு ஆளாகி, பிறகு தப்பித்தது. குழாய் அடைத்தால் தண்ணீர் ரோட்டு மேல் ஏறும். தன் கரையைத் தேடி வந்து தின்னாது. சாயங்காலம் தன் புஞ்சை வளைவில் வந்து உட்கார்ந்து மிச்சக் கஞ்சியைக் குடிக்கும்போதுதான் அந்தக் கல்லைப் பார்த்தாள்.

வளைவின் தலைப்பில், தன் கரையோரம், பெரிய பெரிய கற்கள் கிடக்கும். நிலம் வாங்கிச் சில வருஷம் ஆனதிலிருந்தே அவள் பார்த்த கற்கள்தான். அதில் ஒன்று புரண்டு கிடந்தது. இத்தனை வருஷமும் மண்ணுக்குள் இருந்த பக்கம், கறுப்பாக, வேர் ஒட்டியபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தது. பக்கத்து மண்ணில் கடப்பாரை குத்திய தடம் மூன்று இருந்தது.

வெள்ளத்துக்குக் கடப்பாரை ஏது?

முருகம்மாள் தூக்குவாளியை மூடிவிட்டு எதிர்க்கரையைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் கடைசியாக ஒரு செட்டு, அதற்குப் பக்கத்தில் வெடிமருந்து வைக்கிற சின்னக் கிட்டங்கி, அதன் வாசலில் காவலாளி கருத்தப்பாண்டி பீடி இல்லாத வெறும் வாயை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். கருத்தப்பாண்டி அவள் புருஷனின் கூட்டாளி. குவாரியில் ஒன்றாகக் கல் உடைத்தவன். சீனிச்சாமி செத்தபோது பாடைக்கு முன்னால் நடந்தவன். அவளைக் கண்டால் "மதினி" என்று எழுந்து நிற்பவன். அன்றைக்கு அவளைப் பார்த்துவிட்டும் பார்க்காதவன் போல எழுந்து செட்டுக்குப் பின்னால் போனான்.

அன்றிலிருந்து முருகம்மாள் அவனைக் கண்காணிக்க ஆரம்பித்தாள். களை எடுக்கும்போது முகத்தை வடக்கே வைத்துக்கொண்டு எடுத்தாள். அவன் எப்போது வேலியைத் தாண்டி ஓடைக்குள் இறங்குகிறான், எவ்வளவு நேரம் நிற்கிறான், எதைப் பார்க்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவன் அடிக்கடி இறங்கினான். கரையைக் குனிந்து பார்த்தான். ஒரு குச்சியை ஊன்றிவிட்டுப் போனான். மறுவாரம் வந்து அதே குச்சியைப் பார்த்தான்.

"அண்ணாச்சிக்கு என் நிலம் வேணும். நேரா கேட்டா குடுக்க மாட்டேன்னு தெரியும். அதான் ஓடைய விட்டுத் திங்கச் சொல்றாக. கருத்தப்பாண்டி அதுக்குக் கையாளு" என்று ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது மகளிடம் சொன்னாள்.

வேல்விழி கையை உதறினாள். "அவுகளுக்கு இருக்கிற நெலத்துக்கு ஒன் ஒன்றர ஏக்கரு என்னத்துக்கும்மா? சும்மா இரி. ஏற்கனவே கம்பெனில என்னையக் கேக்காக."

"என்ன கேக்காக?"

வேல்விழி சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் சொல்லிவிட்டாள். "ஒங்கம்மா எதுக்குக் கயித்தப் பிடிச்சிக்கிட்டு எங்க வேலியவே பாத்துக்கிட்டு நிக்காக, யாரு அனுப்பினதுன்னு போர்மேன் கேட்டாரு. வேற கம்பெனிக்காரன் எவனோ தூண்டி விடுதான்னு அண்ணாச்சி நெனைக்காகளாம்."

முருகம்மாள் மகளையே பார்த்தாள். "நீ என்ன சொன்ன?"

"எங்கம்மாவுக்கு ஓடைதான் சாமின்னு சொன்னேன்."

"வேற என்ன சொன்ன?"

"வேற ஒன்னுஞ் சொல்லல."

அதற்குப் பிறகு முருகம்மாள் கயிற்றை வீட்டில் வைக்கவில்லை. புஞ்சையிலேயே உடைமரத்துக் கிளையிடுக்கில் ஒளித்து வைத்தாள். எத்தனை முடிச்சு என்பதை மகளிடமும் சொல்லவில்லை. வேல்விழிக்கு அது புரிந்தது. ஒரே அறையில் படுத்துக்கொண்டு, ஒரே பானையில் சாப்பிட்டுக்கொண்டு, தாயும் மகளும் பல மாதம் அளந்து அளந்து பேசினார்கள்.

2005 கார்த்திகையில் பேய் மழை. மூன்று நாள் விடாமல் ஊற்றியது. கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. நாலாம் நாள் வெளுத்ததும் முருகம்மாள் ஓடினாள். ஓடை இன்னும் செம்மண்ணும் கரிசலும் கலந்து, காப்பித் தண்ணீர் நிறத்தில் இரைந்துகொண்டு போனது. அவள் புஞ்சையின் வடக்கு ஓரத்தில் ஒரு பெரிய வாய் பிளந்திருந்தது. மல்லி விதைத்திருந்த மேடு முழுசாகப் போய்விட்டது. வளைவில் கிடந்த கல்வரிசையில் பாதிதான் மிச்சம். அந்தக் கற்களுக்குப் பக்கத்தில், தண்ணீர் வடிந்த இடத்தில், முழங்கால்வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கடப்பாரையோடு கருத்தப்பாண்டி நின்றான். ஒரு கல்லுக்கு அடியில் நெம்பிக்கொண்டிருந்தான். பட்டப்பகல்.

முருகம்மாள் வேலிக்கருவேல மறைவில் நின்று, அந்தக் கல் புரண்டு தண்ணீரில் விழுகிறவரை பார்த்தாள். கத்தவில்லை. கத்தினால் அவன் ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வான் என்று நினைத்தாள். நேராக வீட்டுக்கு வந்து, சேலையை மாற்றி, பத்திரத்தின் நகலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அன்றைக்குத் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் மனுநாள் கூட்டத்தில் அவள் கொடுத்த மனுவை எழுதிக் கொடுத்தவர் சுருக்கமாக எழுதியிருந்தார்: எதிர்க்கரைக் கம்பெனிக்காரர் ஓடையைத் திருப்பி என் பட்டா நிலத்தை அழிக்கிறார், அளந்து தர வேண்டும்.

அளக்க ஆள் வர மாசி ஆனது. சர்வேயர் நல்லசிவம் ஒல்லியான மனிதர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நில அளவுப் புலப்படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அண்ணாச்சி சார்பில் கருத்தப்பாண்டி வந்து நின்றான். முருகம்மாள் வேல்விழியை அன்றைக்கு லீவு போடச் சொல்லியிருந்தாள். நம்பி அல்ல, கண் முன்னால் இருக்கட்டும் என்று.

சங்கிலியை இழுத்து இழுத்து நல்லசிவம் அளந்தார். பழைய எல்லைக் கல் ஒன்றை வேலிக்கருவேலப் புதருக்குள் தேடிக் கண்டுபிடித்தார். அங்கேயிருந்து அளந்து வந்து, முருகம்மாளின் புஞ்சைக்குள், இடிந்த கரைக்கும் தெற்கே பத்தடி தள்ளி வந்து நின்றார். காலால் தரையில் ஒரு கோடு போட்டார்.

"ஒங்க நெலம் இங்கதாம்மா முடியுது."

முருகம்மாள் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "எங்கன?"

"இந்தா, இங்க. இதுக்கு வடக்க எல்லாம் ஓடைப் புறம்போக்கு. ஒங்க நெலத்துல ஒரு அடிகூட இடியல. இடிஞ்சது பூரா ஓடையோட எடம். இன்னும் பத்தடி பாக்கி இருக்கு."

"நீங்க அண்ணாச்சி கார்லயா வந்தீக?"

நல்லசிவம் கோபப்படவில்லை. இந்தக் கேள்வியை அவர் நிறையக் கேட்டிருப்பார் போல. "நான் பஸ்ல வந்தேன். வேணும்னா திருப்பி அளக்கேன். நீங்களே சங்கிலியப் பிடிங்க."

திருப்பி அளந்தார். முருகம்மாளே சங்கிலியைப் பிடித்தாள். கோடு அதே இடத்தில் விழுந்தது. அவர் படத்தைக் காட்டினார். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நெளிநெளியாகக் கோடும், எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்தும்.

"ஏட்டி, நீ பாரு" என்று மகளிடம் நீட்டினாள். சொன்ன பிறகுதான், வேறு யாரிடமும் அதை நீட்டியிருக்க மாட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

வேல்விழி படத்தைத் தரையில் விரித்து, பாலத்தைக் கண்டுபிடித்து, விரலை ஓடைமேல் வைத்து மெதுவாக நகர்த்தினாள். வளைவுக்கு வந்ததும் விரல் நின்றது. "அம்மா, இதுல வளைவு பெருசா இருக்கு. ஓடை நம்ம பக்கம் நல்லா உள்ள வந்துட்டுப் போகுது. நாம மல்லி வெதைச்ச மேட்டையும் தாண்டி."

"அப்ப நாங்க வாங்கும்போது ஓடை அங்கன இல்லையே. தள்ளியில்ல கெடந்துச்சு?"

நல்லசிவம் வளைவுக்கு இறங்கினார். மிச்சமிருந்த கற்களில் ஒன்றின் மேல் கையை வைத்தார். கல்லின் ஓரத்தில், வரிசையாக, பாதி பிளந்த துளைகள் தெரிந்தன. "இது தானா வந்து கெடக்கிற கல் இல்லம்மா. தமர் போட்டு ஒடைச்ச கல். யாரோ குவாரியில இருந்து கொண்டாந்து வரிசையா நட்டிருக்காக. தண்ணிய வடக்க தள்ளிவிட. இந்தப் பக்கம் வண்டல் கட்டி மேடாகியிருக்கு. அந்த மேட்டத்தான் நீங்க உழுதிருக்கீக."

முருகம்மாள் அந்தத் துளைகளைப் பார்த்தாள். எத்தனையோ முறை அந்தக் கல்லில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறாள். துளைகள் பாசிக்கும் மண்ணுக்கும் அடியில் இருந்தன. இப்போது வெள்ளம் கழுவி விட்டிருந்தது. தமர் போடத் தெரிந்தவர்கள் கரட்டுப்பட்டியில் இரண்டே பேர். ஒருவன் செத்துப்போனான். மற்றவன் வேலிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"கருத்தப்பாண்டி" என்று கூப்பிட்டாள்.

அவன் ஓடைக்குள் இறங்கி, ஏறி வந்தான்.

"சீனிச்சாமி அண்ணந்தான் மதினி" என்றான். "நெலம் வாங்கின மூணாம் வருசம். நீங்க தீப்பெட்டிக்குப் போயிருவீக. நானும் அண்ணனுமாத்தான் ஒரு கோடை பூரா வண்டியில கல்லக் கொண்டாந்து நட்டோம். வாங்கும்போது ஓடை ரெண்டு கெளையாத்தான் ஓடுச்சு. தென்கெளை மழைக்கு மட்டுந்தான் ஓடும், நீங்க பாத்தப்ப காஞ்சு வெறும் மணலாக் கெடந்திருக்கும். தென்கெளைய அடைச்சா நெலம் கூடும்னு அண்ணன் சொல்லிச்சு. அப்ப வடக்க வெறும் தரிசு. யாருக்கும் நட்டமில்லன்னு நெனச்சோம்."

முருகம்மாளுக்கு நினைவு வந்தது. அந்தக் கோடையில் புருஷன் தினமும் கை காய்ப்பெல்லாம் பிய்ந்து வருவான். கேட்டால், வரப்புக் கட்டுகிறோம் என்பான்.

"அப்ப இப்ப எதுக்கு அதப் பிடுங்கின? அண்ணாச்சி சொல்லியா?"

"அண்ணாச்சிக்கு இது எதுவும் தெரியாது." கருத்தப்பாண்டி கையை நீட்டி எதிர்க்கரையைக் காட்டினான். "அங்கன பாருங்க. கல்லு தள்ளிவிட்ட தண்ணி நேரா அங்க போயித்தான் மோதுச்சு. வருசா வருசம் கரை உள்வாங்கி, மருந்து ரூமு அஸ்திவாரத்துக்கு நாலடி வந்துருச்சு. உள்ள இருக்கது அலுமினியப் பவுடரு. ஈரம் பட்டா சூடேறும். பக்கத்துச் செட்டுல இருபது பொம்பளைக ஒக்காந்திருக்காக. ஒங்க மகளும் அங்கனதான ஒக்காந்திருக்கா."

வேல்விழி எதிர்க்கரையைப் பார்த்தாள். செட்டின் ஜன்னல் அங்கிருந்தே தெரிந்தது.

"போர்மேன்ட்ட ரெண்டு தடவ சொன்னேன். சீசன் முடியட்டும்னாரு. நட்டவன் நாந்தான, நானே பிடுங்கிருவோம்னு, கொஞ்சம் கொஞ்சமா நெம்பி விட்டேன். அதுக்குப் பெறகுதான் அந்தக் கரை இடியிறது நின்னுச்சு. கொஞ்சமா நெம்பினா ஓடையும் கொஞ்சமாத் திரும்பும்னு பாத்தேன். போன மழைக்கு அது கேக்கல."

"என்ட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? ஒம் புருசன் ஓடையத் திருடினாருன்னா?"

நல்லசிவம் படத்தை மடித்து உறைக்குள் வைத்தார். அவர் போவதற்கு முன் வளைவைத் தாண்டி வடக்கேயும் சங்கிலி போட்டுப் பார்த்தார். ஓடை கண்மாய்க்குத் திரும்புகிற இடத்தில், அண்ணாச்சியின் சரக்குக் கிட்டங்கியில் பாதி புறம்போக்கில் நின்றது. அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த பத்து நாள் முருகம்மாள் புஞ்சைக்குப் போகவே இல்லை. அவள் வாழ்க்கையில் சந்தேகப்படாமல் விட்டு வைத்திருந்த ஒரே ஆள் சீனிச்சாமி. இப்போது அவனையும் விடவில்லை. இதை மறைத்தவன் வேறு எதையெல்லாம் மறைத்தான்? குவாரியில் கூடுதல் வேலை என்று சொன்ன நாளெல்லாம் எங்கே போனான்? செத்தவனிடம் எப்படிக் கேட்பது? சுவரில் மாட்டியிருந்த அவன் போட்டோவை ஒரு நாள் கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். மறுநாள் எடுத்து மறுபடி மாட்டினாள். எனக்காகத்தான் செய்தான் என்று ஒரு நேரம் அழுவாள். எனக்குத் தெரியாமல் செய்தான் என்று அடுத்த நேரம் பல்லைக் கடிப்பாள்.

பதினோராம் நாள் சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சண்முகவேல் அண்ணாச்சி இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம். அவர் அந்தத் தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வேல்விழி பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"முருகம்மா, நான் ஒன்னைய யாரோ ஏவி விட்டாகன்னு நெனச்சிட்டேன். அது என் தப்பு" என்று ஆரம்பித்தார். "நடந்தது நடந்துபோச்சு. இப்ப ரெண்டு பேருக்கும் நல்லதா ஒன்னு சொல்லுதேன். நீ மனுவ வாபஸ் வாங்கிரு. நம்ம ரெண்டு பேரு கரைக்கும் என் செலவுலயே காங்கிரீட் சுவரு கட்டிருதேன். ஒன் மேடு ஒனக்கு. என் கிட்டங்கி எனக்கு. யாருக்கும் நட்டமில்ல."

யாருக்கும் நட்டமில்லை. பத்து நாளைக்கு முன்னால் இதே வார்த்தையை ஓடைக்குள் கேட்டாள்.

முருகம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இவ்வளவு பெரிய மனுஷன் மிட்டாயோடு ஏன் வந்திருக்கிறார்? போன மேடு திரும்பக் கிடைக்கும் என்று மனது ஒரு பக்கம் குதித்தது. குதித்த மனதையும் அவள் சந்தேகமாகவே பார்த்தாள்.

"ரெண்டு கரையிலயும் சுவரு வந்துட்டா, தண்ணி எங்க போகும் அண்ணாச்சி?"

"நடுவுல போகும்."

"நடுவுல பத்தடிதான் இருக்கும். கார்த்திகையில வந்த தண்ணிக்கு முப்பதடி பத்தல. நான் பாத்தேன்."

"எஞ்சினியரு பாத்துக்கிடுவாரு."

"எஞ்சினியரு மழையில வந்து நிப்பாகளா? பாலத்துல இருந்து வளைவு வரைக்கும் தண்ணிக்கு ஒதுங்க எடமில்லன்னா அது ரோட்டுல ஏறும், இல்ல ஒங்க மருந்து ரூமுல ஏறும். என் மக பக்கத்துல ஒக்காந்திருக்கா."

அண்ணாச்சி சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிகிறவரை அவள் காத்திருந்தாள்.

"மேப்புல உள்ளபடியே இருக்கட்டும் அண்ணாச்சி. என் பக்கம் போனது போனதுதான். ஒங்க பக்கமும் அப்படியே."

"நெலத்த விட்டுத் தாரேங்கியே. ஒனக்கு என்ன லாபம் இதுல?"

"லாபம் இருக்கிற மாதிரி தெரியல. ஆனா நீங்க சொல்றதுலதான் என்னவோ இருக்கு" என்றாள்.

அவர் எழுந்துகொண்டார். மிட்டாயை விட்டுவிட்டுப் போனார். வேல்விழி பொட்டலத்தைப் பிரிக்கப் போனாள். முருகம்மாள் அதை வாங்கி, தெருப்பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தாள்.

அதோடு எல்லாம் நல்லபடி முடிந்துவிடவில்லை. கிட்டங்கிக்கு நோட்டீஸ் வந்தது. அண்ணாச்சி வக்கீல் வைத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் புறம்போக்கில் நின்ற பாதியை அவரே இடித்துக்கொண்டார். மருந்து ரூமை மட்டும் யாரும் சொல்லாமலே அடுத்த மழைக்கு முன்னால் மேட்டுக்கு மாற்றினார். கருத்தப்பாண்டிக்குக் காவல் வேலை போனது. வேல்விழியை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் போர்மேன் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். இரண்டு மாதத்தில் அவளாகவே வேறு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தாள். அம்மா மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. அதைச் சொல்லவும் செய்தாள். ஆனால் சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும், கேட்காமலே, அன்றைக்குக் கம்பெனியில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிக்க ஆரம்பித்தாள். தாயும் மகளும் பழையபடி சத்தமாகச் சண்டை போட்டார்கள்.

முருகம்மாள் சர்வேயர் போட்ட கோட்டில் கல் ஊன்றி, கல்லுக்குத் தெற்கே மட்டும் உழுதாள். வடக்கே விட்ட பத்தடியில் முதல் வருஷம் கோரை முளைத்தது. இரண்டாம் வருஷம் ஓடை வந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதும் நின்றுவிட்டது. 2007 மழையில் அவள் குடையோடு போய் நின்று பார்த்தாள். பாலத்துக் குழாயில் முட்டி வந்த வெள்ளம் வளைவில் சாவகாசமாகத் திரும்பி, இரண்டு கரையையும் நக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போனது. அது போகிற வேகத்தைப் பார்த்தால், இத்தனை வருஷமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த ஆள் நிமிர்ந்து நடக்கிறது மாதிரி இருந்தது. இருந்தாலும் கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தாள். ஆடவில்லை.

அடுத்து வந்த தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போனாள். கூட்டம் நெரிந்தது. வைப்பாற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றில் கால் நனைக்க இறங்கியபோது, மொட்டை அடித்த தலையோடு கருத்தப்பாண்டி எதிரே வந்தான். வேலை போன பிறகு அவன் சாத்தூர்ப் பக்கம் ஒரு செங்கல் காளவாசலில் இருப்பதாக ஊரில் சொல்லியிருந்தார்கள். அளந்த நாளுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"நல்லா இருக்கீகளா மதினி?"

"இருக்கேன். ஒனக்கு வேலை போச்சாமே. என்னாலதான்னு நெனைக்கியா?"

"நெனைக்கல."

"நெசமாவா?"

"மொதல்ல கொஞ்சம் நெனச்சேன்."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆற்று மணலில் இருவரும் சற்றுத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். மறுகால் பாய்ந்த தண்ணீர் இங்கேதான் வந்திருக்கும் என்று அவன் சொன்னான். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தாள்.

"கருத்தப்பாண்டி, ஒங்கண்ணன் என்ட்ட மறைச்சது வேற என்னென்ன ஒனக்குத் தெரியும்?"

அவன் மொட்டைத் தலையைத் தடவினான். "அம்புட்டுத்தான் மதினி. ஓடை ஒன்னுதான்."

"அம்மன் சன்னதியில ஒக்காந்துக்கிட்டுச் சொல்லுதே."

"அம்மன் சன்னதியிலதான் சொல்லுதேன். அதச் செய்யும்போதே அண்ணன் சொல்லிச்சு, இது மட்டும் முருகம்மாளுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா பிடுங்கி எறிஞ்சிருவான்னு."

பிடுங்கியிருப்பேனா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். அந்த வயதில், சொந்த மண் என்கிற கிறுக்கு தலைக்கு ஏறியிருந்த அந்த நாளில், நிச்சயமாகத் தெரியவில்லை. ஒருவேளை கூடச் சேர்ந்து கல் சுமந்திருப்பாள்.

கருத்தப்பாண்டி சொன்னதை அவள் முழுசாக நம்பிவிடவில்லை. ஆனால் சாத்தூர் வழியாக ஊருக்குத் திரும்பும், அவனும் ஏற வேண்டிய பஸ் வந்து கூட்டம் அடித்துக்கொண்டு ஏறியபோது, ஜன்னலோரம் தான் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் மஞ்சப்பையை வைத்து, அவன் ஏறி வருகிறவரை யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டாள்.